ஓடும் கிலோமீட்டர், நிற்கும் மீட்டர்

வேப்பூர் தாண்டி உளுந்தூர்பேட்டை போகும் வழியில், நாற்கரச் சாலையின் நடுத்தடுப்பில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் வயலுக்குப் போய்வர அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2023 நவம்பரில் ஒரு மாலை, ஆறு மணி இருக்கும். திருச்சியிலிருந்து சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தோம். மழை கொட்டவில்லை, ஆனால் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. மழைக்குப் பயந்து எழுபதில்தான் ஓட்டினேன். அந்த இடைவெளியிலிருந்து ஒரு எக்ஸெல் வண்டி வெளியே வந்தது. பின்னால் புல்லுக்கட்டு, ஓட்டியவர் வயதானவர், தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தார். பிரேக்கை அழுத்தி மிதித்தேன். ஏபிஎஸ் வேலை செய்து பெடல் காலுக்கடியில் கடகடவென்று அடித்தது. வண்டி நிற்கவில்லை. வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. தண்ணீர் மேல் பலகை போவதுபோல் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் நின்றபோது, அவர் கடந்துபோன தடத்தின் மேல் என் முன்சக்கரங்கள் இருந்தன. அவர் அதற்குள் இடது ஓரத்துக்குப் போய்விட்டிருந்தார். ஒரு முறை திரும்பிப் பார்த்தார், முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார், போய்விட்டார். இரண்டு வினாடி தாமதமாக அவர் வந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தியபோது போனில் டார்ச் போட்டு நான்கு டயரையும் குனிந்து பார்த்தேன். மொட்டையாக இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும், தப்பு என்னுடையது என்று முடித்திருப்பேன். ஆனால் பட்டன், அதாவது டயர் மேல் பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர் கட்டைகள், நன்றாக இருந்தது. ஊருக்குத் திரும்பியதும் மகளின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்த ஸ்கேலை பள்ளத்துக்குள் விட்டு அளந்தேன். மூன்றரை மில்லிமீட்டர். சட்டம் கேட்பது 1.6. அதாவது சட்டம் கேட்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அப்படியானால் ஏன் நிற்கவில்லை? இந்தக் கேள்வி என்னை இரண்டு வாரம் தூங்கவிடவில்லை.

அப்பாவின் நோட்டு

எங்கள் எர்டிகா காருக்கு அப்பா ஒரு நோட்டு வைத்திருக்கிறார். 2012-ல் வண்டி எடுத்த நாளிலிருந்து பெட்ரோல், சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாம் தேதி போட்டு, ஓடோமீட்டர் எண்ணோடு அதில் இருக்கும். 2017-ல் டயர் மாற்றியபோது அவர்தான் தேர்ந்தெடுத்தார். கடைக்காரரிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: ‘எது அதிகம் ஓடும்?’ கடைக்காரர் காட்டியதை வாங்கினோம். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அது சொன்னதைச் செய்தது, சொன்னதற்கு மேலும் செய்தது. வேப்பூர் சம்பவம் நடந்த அன்று அந்த டயர்கள் 54,000 கிலோமீட்டர் ஓடியிருந்தன. அப்பாவுக்கு அதில் பெருமை. ‘இன்னும் பத்தாயிரம் தாராளமா ஓடும்டா’ என்று அந்த வாரம்கூடச் சொல்லியிருந்தார்.

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் காலத்தில் டயர் என்பது பெரிய செலவு. அம்பாசிடர் டயர் தேய்ந்தால் அதன் மேல் புது ரப்பர் ஒட்டி, ரீபட்டன் போட்டு ஓட்டியவர்கள், அதுவும் தேய்ந்து கம்பி தெரிந்த பிறகுதான் விட்டார்கள். ஓடும் கிலோமீட்டர்தான் அவர்களுக்குத் தரம். இன்றும் எந்த டயர் கடையில் போய் நின்றாலும் காதில் விழும் முதல் கேள்வி ‘எவ்வளவு ஓடும்ணே?’ என்பதுதான். ‘மழையில எப்படி நிக்கும்?’ என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன். கார் வாங்கும்போது ஏர்பேக் எத்தனை, பிரேக் என்ன வகை என்றெல்லாம் விசாரித்தவன், அந்த பிரேக் கடைசியில் போய்ப் பிடிக்க வேண்டிய இடம் ஒரு உள்ளங்கை அளவு ரப்பர் என்பதை யோசிக்கவே இல்லை. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து நான்கு உள்ளங்கை. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். ரப்பரிடம் இல்லாத பிடிப்பை அது எங்கிருந்தும் கொண்டுவந்து தராது.

ரப்பருக்கு வயசாகும்

டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் நீண்ட எழுத்து வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என் டயரில் 2217 என்று இருந்தது. 2017-ன் இருபத்திரண்டாவது வாரம், அதாவது மே மாதக் கடைசியில் செய்தது. ஆறு வருடம் தாண்டியிருந்தது. எங்கள் வீட்டில் கார் ஷெட் கிடையாது, வண்டி தெருவில்தான் நிற்கும். திருச்சி வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அந்த ஆறு கோடையும் அந்த ரப்பர் வெந்திருக்கிறது. கட்டைவிரல் நகத்தை பட்டன் மேல் வைத்து அழுத்திப் பார்த்தேன், தடமே பதியவில்லை. பக்கத்து வீட்டு வண்டியில் ஆறு மாதத்துக்கு முன் மாற்றிய டயரில் அழுத்தினேன், நகம் லேசாக அமுங்கி, எடுத்ததும் மெதுவாக மேலே வந்தது. அந்த ‘மெதுவாக’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சாலை நம் கண்ணுக்குத்தான் வழவழப்பு. கிட்டப்போய்ப் பார்த்தால் ஜல்லி முனைகள், குழிகள், சொரசொரப்பு. நல்ல ரப்பர் அந்தச் சின்னக் குழிகளுக்குள் அமுங்கி இறங்குகிறது, பிறகு உடனே துள்ளி எழாமல் தயங்கி எழுகிறது. அந்தத் தயக்கம் வண்டியின் வேகத்தைத் தின்று சூடாக மாற்றுகிறது. பிடிப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதுதான், குறிப்பாக ஈரச் சாலையில். பட்டனுக்கு நடுவே இருக்கும் பள்ளங்களின் வேலை வேறு, தண்ணீரை வெளியே தள்ளி ரப்பருக்கு வழிவிடுவது. என் டயரில் தண்ணீரைத் தள்ளும் பள்ளம் இருந்தது. வழி கிடைத்த பிறகு தரையைப் பிடிக்க வேண்டிய ரப்பர்தான் கெட்டித்துப்போயிருந்தது. மூன்றரை மில்லிமீட்டர் என்று ஸ்கேல் சொன்னது உண்மை. ஸ்கேலுக்கு ரப்பரின் வயசு தெரியாது.

இங்கேதான் பிடிப்புக்கும் உழைப்புக்கும் உள்ள சண்டை புரிந்தது. மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டியான ரப்பர் வெகுகாலம் உழைக்கும், ஈரத்தில் வழுக்கும். மூன்றாவதாக மைலேஜ் ஒரு பக்கம் இழுக்கும்: தயங்கி எழும் ரப்பர் உருளும்போதும் சக்தியைத் தின்கிறதே, பெட்ரோல் கூடுதலாகப் போகும். மிச்செலின் 1992-ல் கார்பன் கருமைக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்கா கலந்த டயரைக் கொண்டுவந்தபோது இந்த மூன்றுக்கும் இடையிலான இழுபறி ஓரளவு தளர்ந்தது. இன்று நல்ல டயர்கள் எல்லாவற்றிலும் சிலிக்கா உண்டு. ஆனால் சண்டை முடிந்துவிடவில்லை. ஒன்றை நன்றாகக் கூட்டினால் மற்றொன்று கொஞ்சமாவது குறையும். வண்டியோடு கம்பெனியிலிருந்து வரும் டயர்கள் பெரும்பாலும் மைலேஜ் பக்கம் சாய்ந்திருப்பதும் இதனால்தான்.

எந்த பிராண்டு?

டயர் மாற்றப்போகிறேன் என்று சொன்னதும் அலுவலகத்தில் ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தனிப் பாசம் இருக்கிறது. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத் தொடங்கியதுதான் இன்றைய எம்ஆர்எஃப். பெரம்பலூர் பக்கம் நாரணமங்கலத்தில் அவர்களுடைய ஆலையை நான் ஒவ்வொரு சென்னைப் பயணத்திலும் தாண்டிப் போகிறேன். ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜேகே, தேர்வாய் கண்டிகையில் மிச்செலின் என்று சென்னையைச் சுற்றியே பாதி டயர் உலகம் இருக்கிறது. அம்பத்தூரில் டன்லப் ஆலை மூடிய பிறகும் பஸ் ஸ்டாப் ‘டன்லப்’தான். என் வயதுக்காரர்களுக்கு சச்சின் பேட்டில் ஒட்டியிருந்த மூன்று எழுத்து போதும், வேறு சான்று வேண்டாம்.

ஆனால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தபோது, பிராண்டு என்ற கேள்வியே பாதிக் கேள்வி என்று தெரிந்தது. ஒரே நிறுவனம் இரண்டு மனசோடு டயர் செய்கிறது. சியட்டில் மைலேஸ் என்று ஒரு வரிசை, பெயரிலேயே மைலேஜ் இருக்கிறது (இங்கே பெட்ரோல் கணக்கு அல்ல, டயர் ஓடும் கிலோமீட்டர்), டாக்ஸிக்காரர்கள் கேட்டு வாங்குவது. அதே சியட்டில் செக்யூராடிரைவ் என்று இன்னொன்று. குட்இயரில் டூராப்ளஸ் நீண்ட உழைப்புக்கு, டிரிபிள்மேக்ஸ் ஈரச் சாலை பிரேக்கிங்குக்கு. அப்போலோவில் அமேசர் 4ஜி லைஃப் ஒரு பக்கம், அல்நாக் மறு பக்கம். ஆக ‘சியட் நல்லதா, அப்போலோ நல்லதா’ என்று இரண்டு பேர் மணிக்கணக்கில் வாதாடலாம், ஒருவர் மனசில் மைலேஸும் இன்னொருவர் மனசில் அல்நாக்கும் இருக்கும். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கும், பேச்சு மட்டும் சேராது. எங்கள் ஆபீஸில் நடந்தது அதுதான்.

சில டயர்களின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று ஓர் எண்ணும், ட்ராக்‌ஷன் என்று ஓர் எழுத்தும் இருக்கும். அமெரிக்காவுக்காக ஏற்பட்ட குறியீடு, இங்கே விற்கும் பல டயர்களிலும் பார்க்கலாம். எண் கூடக்கூடத் தேய்மானம் குறைவு என்று அர்த்தம். எழுத்து ஈரத்தில் நிற்கும் திறன்: ஏஏ உச்சம், பிறகு ஏ, பி, சி. என் பழைய டயரில் எண் பெரிதாக இருந்தது, அப்பாவுக்குப் பிடித்த மாதிரி. ஆனால் அந்த எண்ணைப் போடுவது தயாரிப்பாளரே என்பதால், ஒரு கம்பெனியின் 400-ஐ இன்னொரு கம்பெனியின் 400-ஓடு கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட முடியாது. எழுத்து சொல்வதும் நேர்கோட்டில் பிரேக் போடுவதை மட்டும்தான், வளைவில் பிடிப்பதை அல்ல. நம் நாட்டில் 2022-ல்தான் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஈரப்பிடிப்பு, உருளும்போது ஏற்படும் தடை, சத்தம் மூன்றுக்கும் ஏஐஎஸ்-142 என்ற தரத்தை விதியில் சேர்த்தது. நல்ல காரியம். அந்த ஈரப்பிடிப்பின் தரம் கடையில் டயர் மேலேயே, விலைக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. ஃப்ரிட்ஜில் நட்சத்திரம் பார்த்து வாங்கும் மக்கள் இதையும் பார்ப்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு ராத்திரி உட்கார்ந்து பள்ளிக்கூடப் பௌதிகத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம், ஈரச் சாலை. ஒரு டயரின் உராய்வு எண், அதாவது தரையைப் பிடிக்கும் அளவு, 0.7 என்றும், கெட்டித்துப்போன இன்னொன்றின் எண் 0.5 என்றும் வைத்துக்கொள்வோம். பிரேக் பிடிக்க ஆரம்பித்த இடத்திலிருந்து முதல் வண்டி ஏறக்குறைய 27.5 மீட்டரில் நிற்கும். இரண்டாவது நிற்க 38.5 மீட்டர் வேண்டும். பதினொரு மீட்டர் வித்தியாசம், இரண்டரை எர்டிகா நீளம். சரி, இது பரவாயில்லை என்று தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. அப்புறம் இன்னொரு வரி போட்டேன்: முதல் வண்டி நின்ற அதே இடத்தைத் தாண்டும்போது இரண்டாவது வண்டியின் வேகம் என்ன? 37 கிலோமீட்டர். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு வண்டி நின்றுவிட்டது. அதே இடத்தில் இன்னொன்று 37-ல் போய்க்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் புல்லுக்கட்டோடு ஒருவர் இருக்கிறார்.

அப்பாவிடம் பேச அவருடைய மொழியிலேயே ஒரு கணக்கு தேவைப்பட்டது. அதிகம் உழைக்கும் டயர் நான்கும் 22,000 ரூபாய், 60,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைப்போம். கிலோமீட்டருக்கு 37 பைசா. நன்றாகப் பிடிக்கும் டயர் நான்கும் 26,000, ஆனால் 40,000-தான் ஓடும். 65 பைசா. வித்தியாசம் 28 பைசா. திருச்சியிலிருந்து சென்னை 320 கிலோமீட்டர், ஒரு நடைக்குத் தொண்ணூறு ரூபாய். வழியில் ஒரு ஆள் டிபன் சாப்பிடும் காசு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு அவர் சொன்னதுதான் என் கணக்கில் விட்டுப்போன இடம்: ‘நாம வருஷத்துக்கு ஒம்பதாயிரம்தானேடா ஓட்டுறோம். அறுபதாயிரம் ஓட்ட ஆறேமுக்கால் வருஷம் ஆகுமே.’ ஆமாம். நாற்பதாயிரம் ஓடும் டயர் எங்கள் வீட்டில் நாலரை வருடத்தில் தேய்ந்துவிடும், கெட்டிப்பதற்குள் அதன் வேலை முடிந்திருக்கும். அறுபதாயிரம் ஓடும் டயரை நாங்கள் தேய்க்கவே மாட்டோம், அது தேய்வதற்கு முன்னால் கிழடாகிவிடும். வருடத்துக்கு அறுபதாயிரம் ஓட்டும் கால் டாக்ஸிக்காரருக்குக் கதை வேறு. அவர் டயர் வயசாவதற்கு முன்பே தேய்ந்துவிடும், அவர் உழைக்கும் டயர் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. எங்களுக்கு அவருடைய டயரை விற்றதும் நாங்கள் வாங்கியதும்தான் பிழை.

ஸ்டெப்னி

கரூர் பைபாஸ் ரோட்டில் ஒரு கடைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நான்கு டயர் வாங்குவதற்குப் பதிலாக மூன்று வாங்கிக்கொண்டு, வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியை நான்காவதாகப் போட்டுக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. அது ஒருநாளும் தரையைத் தொடாதது. கடைப்பையன் இறக்கித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தான். பார்க்க அப்படியே புதுசு. அச்சிலிருந்து எடுத்தபோது இருந்த ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை, பட்டன் மேல் மெல்லிசாக நீட்டிக்கொண்டிருந்தன. அப்பா ‘பாத்தியா’ என்பதுபோல் என்னைப் பார்த்தார். கடைக்கார அண்ணன் ஒன்றும் பேசாமல் அதைச் சுவர் ஓரம் நிமிர்த்தி, இரண்டு பட்டனுக்கு நடுவே கட்டைவிரல்களை வைத்து விரித்துக் காட்டினார். பள்ளத்தின் அடியில் தலைமுடி கனத்தில் வெடிப்பு, வரிசையாக, சுற்றிலும். இலக்கம் 0612.

‘ஐயா, இதுக்குப் பதினொரு வயசு ஆவுது. பஞ்சர் ஆனா கடை வரைக்கும் உருட்டிட்டு வரலாம். இதப் போட்டு நூறுல போவாதீங்க’ என்றார் அவர். அப்பா குனிந்து அந்த வெடிப்பை விரலால் தடவினார். பிறகு ‘அஞ்சும் மாத்திடுங்க தம்பி’ என்றார். எனக்கு இரண்டு வாரமாகப் பேசி வராத வார்த்தை அது.

பிராண்டு விஷயத்தில் கடைசி முடிவு கடையின் பின்பக்கம், குவியலுக்கு நடுவே நடந்தது. நான் மனசில் வைத்துப் போனது இரண்டு. இரண்டும் ஈரப்பிடிப்புக்காகச் செய்தவை, எங்கள் 185/65 ஆர்15 அளவில் கிடைப்பவை. ஒன்றின் இலக்கத்தைப் பார்த்தால் ஒன்றரை வருடத்துக்கு முந்தையது. இன்னொன்று, குட்இயர் டிரிபிள்மேக்ஸ், செய்து ஒன்பது வாரம்தான் ஆகியிருந்தது. அதை எடுத்துக்கொண்டோம். முந்தையது எட்டு வாரத்துச் சரக்காக இருந்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன், மறைக்க ஒன்றுமில்லை. அண்ணனிடம் ஒன்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்: ‘ரெண்டு மட்டும் மாத்தறவங்களுக்குப் புதுச எங்கண்ணே போடுவீங்க?’ முன்னால்தான் கேட்கிறார்கள் என்றார், முன்சக்கரம் இழுக்கிற வண்டியாச்சே. ஆனால் டயர் நிறுவனங்களே சொல்வது பின்னால் போடச் சொல்லித்தான். முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் கொஞ்சமாவது கட்டுக்குள் வரும். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழலும், அதைப் பிடித்து நிறுத்துவது நம்மைப் போன்றவர்களால் ஆகாது. ‘நானும் சொல்லுவேன் சார், கேக்க மாட்டாங்க’ என்றார்.

அதற்குப் பிறகு அதே வேப்பூர் சாலையில் இரண்டு மழைக்காலம் போய்வந்துவிட்டேன். அந்த இடைவெளி வந்தால் கால் தானாக ஆக்ஸிலேட்டரை விடுகிறது. மாதம் ஒரு முறை காற்று பார்க்கிறேன், வண்டி சூடாவதற்கு முன்னால், காலையில். நோட்டில் அப்பா டயர் வரிக்கு எதிரே கிலோமீட்டர் எழுதவில்லை. ‘2028 மே’ என்று மட்டும் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்.

போன வாரம் மனைவியின் தம்பி மதுரையிலிருந்து போன் செய்தான். டயர் மாற்றலாமா என்று யோசிக்கிறானாம். ‘எந்த பிராண்டு மாமா நல்லா உழைக்கும்?’ வருஷத்துக்கு எவ்வளவு ஓட்டுகிறாய் என்று கேட்டேன். ஆறாயிரம்கூட வராது, ஆபீஸுக்கு பைக்கில்தான் போகிறேன் என்றான். இப்போதைக்கு அவசரம் இல்லை, பட்டன் பாதிக்கு மேல் இருக்கிறது, சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மூணாறு போய்வந்து அப்புறம் பார்க்கலாம் என்றான். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ராத்திரி அனுப்பினான். சேறு படிந்திருந்தது, பெரிதாக்கிப் பார்த்தேன். 1116.

மணி பத்தரை. பரவாயில்லை என்று போனை எடுத்தேன்.